காசில் ஒரு கோடு: மேடா, பள்ளமா?

டீக்கடையில் மீதிச் சில்லறையாக வந்த ஐந்து ரூபாய்க் காசு அது. சிங்கத் தலைக்கு மேலே தொடங்கி விளிம்பு வரை, தலைமுடி ஒட்டிக்கொண்டதுபோல ஒரு கோடு. கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, “எவனோ கீறி வச்சிருக்கான் சார், குடுங்க, வேற தர்றேன்” என்றார். நகத்தை அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஓட்டிப் பார்த்தேன். நகம் பள்ளத்தில் விழவில்லை. வரப்பில் ஏறி இறங்குவதுபோல ஏறி இறங்கியது. “இருக்கட்டுங்கண்ணே, இதுவே போதும்” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கீறினால் பள்ளம்தானே விழும்? மேடு எங்கிருந்து வரும்?

காசு சேர்க்கும் பழக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், ஊரில் உள்ளவர்கள் எல்லாம் வாட்ஸப்பில் படம் அனுப்புவார்கள். “இதுல என்னமோ வித்தியாசமா இருக்கு, எவ்வளவு போகும்?” விலைப் பேச்சு பிறகு. அந்தக் காசுக்கு என்ன நடந்தது, எப்போது நடந்தது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். நாணயச்சாலைக்குள் நடந்திருந்தால் அது பிழைக்காசு. சேகரிப்பவர்கள் வாயில் ‘எரர் காயின்’. வெளியே வந்த பிறகு நடந்திருந்தால் அது அடிபட்ட காசு, அவ்வளவுதான். பார்வைக்கு இரண்டும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருக்கும். பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வது அப்படியொன்றும் கடினமில்லை.

காசு பிறக்கும் விதம்

உலோகத்தை உருக்கி நீளத் தகடாக உருட்டுகிறார்கள். அந்தத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள். வீட்டில் மாவைப் பெரிதாகத் தேய்த்து, டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வட்டமாகப் பூரி வெட்டுவோமே, அதே வேலை. வெட்டிய வில்லையைச் சூடேற்றி இளக்கி, கழுவி, ஓரத்தைக் கொஞ்சம் உயர்த்திவிடும் இயந்திரத்தில் உருட்டுகிறார்கள். அடுத்தது அச்சு. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் வில்லை, வில்லையைச் சுற்றி ஓர் எஃகு வளையம். அடி விழும்போது உலோகம் பக்கவாட்டில் பிதுங்காமல் தடுப்பது அந்த வளையம். விளிம்பில் வரிவரியாகப் பல் பதிப்பதும் அதுவே. பூவும் தலையும் விளிம்பும் ஒரே நேரத்தில் உருவாகிவிடும்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் பதித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. காசில் மேடாக இருப்பதெல்லாம் அச்சில் பள்ளம். கொழுக்கட்டை அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சில் குழிவாக இருக்கும் பூ, கொழுக்கட்டையில் புடைத்துக்கொண்டு வரும். அந்த அச்சில் ஒரு விரிசல் விட்டுவிட்டால்? மாவு அந்த விரிசலுக்குள்ளும் புகும். அதற்குப் பிறகு செய்யும் ஒவ்வொரு கொழுக்கட்டையிலும் அதே இடத்தில் ஒரு மெல்லிய வரப்பு இருக்கும்.

என் ஐந்து ரூபாய்க் கோடும் அப்படி வந்ததுதான். எஃகு அச்சு ஆயிரக்கணக்கான அடிகளைத் தாங்குகிறது. களைத்துப்போய் ஓர் இடத்தில் விரிசல் விடுகிறது. உலோகம் அதற்குள் ஏறுகிறது. காசைக் கீறி அப்படி ஒரு கோட்டைப் போட முடியாது. கீறல் இருக்கிற உலோகத்தை ஒதுக்கித்தான் தள்ளும். இல்லாத உலோகத்தைக் கொண்டுவந்து வைக்காது.

மேடா, பள்ளமா?

புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த ஒரு கேள்வியே முக்கால்வாசிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். ஆனால் விடை கண்டுபிடிப்பதில் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. போனில் எடுத்த படத்தைப் பார்த்து மேடு பள்ளம் சொல்லாதீர்கள். வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று நம் மூளை எப்போதும் எண்ணிக்கொள்ளும். படம் எடுத்தபோது விளக்கு கீழ்ப்பக்கம் இருந்திருந்தால் பள்ளம் மேடாகத் தெரியும், மேடு பள்ளமாகத் தெரியும். இந்த ஏமாற்றத்தில் நானே பலமுறை விழுந்திருக்கிறேன்.

காசைக் கையில் எடுங்கள். ஜன்னலோரம் நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். மேடு என்றால் வெளிச்சம் வரும் பக்கம் பளிச்சென்றும் எதிர்ப்பக்கம் நிழலாகவும் இருக்கும். பள்ளம் என்றால் தலைகீழ். கூடவே, அதே காசில் நிச்சயமாக மேடு என்று தெரிந்த ஓர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ் மாதிரி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒன்று இருந்தால் போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் ஒவ்வொரு தூசியும் அதிசயமாகத் தெரியத் தொடங்கும்.

மேடு என்று உறுதியானால் அநேகமாக அது அச்சின் வேலை. மெல்லிய கோடு என்றால் விரிசல். எழுத்தின் நடுவில் அல்லது எண்ணின் வயிற்றில் ஒரு சின்னக் கட்டி உட்கார்ந்திருந்தால், அச்சில் ஒரு துணுக்கு உடைந்து போயிருக்கிறது. விளிம்பையொட்டி ஒரு பெரிய வழவழப்பான மேடு எழுத்துகளை விழுங்கியிருந்தால், அச்சின் ஓரமே பெயர்ந்து விழுந்திருக்கிறது என்று பொருள். இந்தக் கடைசி வகை அடிக்கடி கிடைக்காது, கிடைத்தால் கொண்டாடலாம்.

அநேகமாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வெல்டிங் பட்டறையில் தெறித்த பொறி, பற்றவைத்தபோது சொட்டிய ஈயம், காய்ந்துபோன பசை ஆகியவையும் மேடாகத்தான் இருக்கும். நிறம் வேறாக இருக்கும், ஊசி முனையால் ஓரத்தைத் தொட்டால் ஒட்டவைத்ததுபோலத் தனியே தெரியும். அச்சு உருவாக்கிய மேட்டுக்குக் காசின் நிறமும் காசின் பளபளப்பும் இருக்கும், ஏனென்றால் அது காசேதான்.

பள்ளத்தில் கீறலை அறிவது சுலபம். மண்ணில் குச்சியால் கோடு போட்டால் இரு பக்கமும் மண் ஒதுங்கி நிற்குமே, அதுபோலக் கீறலின் கரைகளில் உலோகம் பிசிறாக எழும்பி நிற்கும். புதிய கீறல் என்றால் உள்ளே பளிச்சென்றும் சுற்றிலும் அழுக்காகவும் இருக்கும். எழுத்துமேல் ஏறிப் போகும் இடத்தைக் கவனியுங்கள். கீறல் எழுத்தையும் சேர்த்து அறுத்திருக்கும்.

அச்சுக் குறை என்று சந்தேகம் வந்தால் உறுதிப்படுத்த இன்னொரு வழி, இரட்டைப் பிள்ளையைத் தேடுவது. அச்சு விரிசல் விட்டால் அந்த அச்சில் அடித்த அத்தனை காசிலும் அதே இடத்தில் அதே கோடு இருக்கும். அதே ஆண்டு, அதே நாணயச்சாலைக் காசுகளை ஒரு பிடி அள்ளித் தேடிப் பாருங்கள். ஒன்றுகூடக் கிடைக்காவிட்டால் அச்சுக் குறை இல்லை என்று ஆகிவிடாது. ஒன்று கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்தது, ஏனென்றால் இரண்டு பேர் இரண்டு காசில் ஒரே மாதிரி கீற முடியாது.

அடி விழுவதற்கு முன்பே

அடுத்த கேள்வி, எப்போது? அச்சடிப்பதற்கு முன்பா, அடிக்கும்போதா, பின்பா?

முன்பு நடப்பதில் மிகவும் அழகானது கடித்த காசு. பூரி வெட்டும்போது டம்ளரைச் சரியாக நகர்த்தாமல், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு பக்கம் பிறை வடிவில் கடித்த பூரி வரும். தகட்டில் வில்லை வெட்டும்போதும் இதே கோளாறு நடக்கிறது. அந்த வில்லை அப்படியே அச்சுக்குள் போய்க் காசாகிவிடும்.

இதை அரத்தால் ராவி வீட்டிலேயே செய்துவிடலாமே என்று தோன்றுகிறதா? செய்கிறார்கள். ஆனால் அவர்கள் மறந்துவிடும் ஓர் இடம் உண்டு: கடித்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். ஓரத்தை உயர்த்தும் இயந்திரம் வில்லையை இரு பக்கமும் நெருக்கி உருட்டுகிறது. ஒரு பக்கம் கடிபட்டுக் காலியாக இருந்தால், அந்த நொடியில் எதிர்ப்பக்கத்துக்கும் அழுத்தம் கிடைக்காது; அங்கே ஓரம் எழும்பாமலே போகும். ஆகவே உண்மையாகக் கடிபட்ட வில்லையில் அடித்த காசில், கடிக்கு எதிரே விளிம்பு மங்கி, தேய்ந்ததுபோல இருக்கும். பிளேக்ஸ்லி விளைவு என்று இதற்குப் பெயர். எல்லாக் கடித்த காசிலும் இது தெளிவாகத் தெரியும் என்று சொல்ல முடியாது; ஆனால் தெரிந்தால் மிக வலுவான சாட்சி. இன்னொன்று, கடித்த ஓரத்துக்கு அருகில் உள்ள எழுத்துகள். அடி விழுந்தபோதே அங்கே வெற்றிடம் இருந்ததால், உலோகம் அந்தப் பக்கம் வழிந்து எழுத்துகள் லேசாக இழுபட்டும் மங்கியும் இருக்கும். அரத்தால் ராவியதில் எழுத்து கத்தியால் வெட்டியதுபோல முழுக் கூர்மையோடு திடீரென்று நிற்கும்.

தகட்டிலேயே அழுக்கோ காற்றோ அடைபட்டிருந்தால், வெங்காயத் தோல்போல மேற்பரப்பு உரிந்து வரும். இதுவும் நாணயச்சாலைக் குறையே. உரிந்த பள்ளத்தின் தரை சொரசொரப்பாக, உலோகத்தின் நார் ஒரே திசையில் ஓடுவதுபோலத் தெரியும்.

அடி விழும்போது

அச்சுக்குள் எண்ணெய்ப் பசையும் தூசியும் சேர்ந்து கெட்டியாகி, எழுத்துப் பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். ஆண்டின் கடைசி இலக்கம் காணோம், ‘இந்தியா’வில் ஓர் எழுத்து பாதி காணோம் என்பதெல்லாம் பெரும்பாலும் இதனால்தான். காணாமல் போன இடம் வழவழப்பாக, மெல்ல மங்கி மறையும். ராவி அழித்திருந்தால் அங்கே நுண்ணிய கீறல்கள் ஒரே திசையில் கூட்டமாக இருக்கும்.

வில்லை நடுவில் சரியாக உட்காராமல் போனால் படம் ஒதுங்கி விழும். பிறை நிலவாக ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் அந்தக் காசைப் பார்த்தவுடனே புரிந்துவிடும், அதிகம் விளக்கத் தேவையில்லை. வில்லையே வராமல் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டால், ஒன்றின் உருவம் மற்றொன்றில் லேசாகப் பதிந்துவிடும். அடுத்து வரும் காசுகளில் பூப் பக்கத்தின் வெற்றிடத்தில் தலைப் பக்க உருவத்தின் கோடுகள் கண்ணாடிப் பிம்பமாக, ஆவி மாதிரித் தெரியும்.

அச்சடித்த காசு வெளியேறாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. அடுத்த வில்லை வந்து விழும்போது அந்தப் பக்கத்துக்கு அச்சாக இருப்பது ஒட்டிக்கொண்ட காசு. விளைவு: ஒரு பக்கம் சரியான படம், மறுபக்கம் அதே படம் குழிவாகவும் இடவலம் மாறியும். ‘பிராக்கேஜ்’ என்று கேட்டால் காட்டுவார்கள். விலையும் அதிகம். ஆகவே போலியும் அதிகம்.

நானும் ஏமாந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நாணயக் கண்காட்சியில், தரையில் துணி விரித்து விற்ற ஒருவரிடம் இப்படியொரு காசை வாங்கினேன். எழுத்துகள் குழிவாக, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி இருந்தன. வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. குழிந்த எழுத்துகளுக்கு அடியில், நசுங்கித் தட்டையான சிங்கம் இன்னும் இருந்தது. இரண்டு காசுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பட்டறை வைஸில் இறுக்கியிருக்கிறார்கள். மேலே உள்ள காசின் மேடுகள் கீழே உள்ளதில் குழியாகப் பதியும். ஆனால் கீழே இருப்பது ஏற்கெனவே காசு, அதன் சொந்தப் படம் எங்கே போகும்? உண்மையான பிழையில் வந்து விழுவது வெறும் வில்லை. அடியில் நசுங்கிக் கிடக்க அங்கே எதுவும் இருக்காது.

இரட்டை எழுத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதிகமாக ஏமாற்றுவது அதுதான். ஆண்டு எண்ணோ எழுத்தோ இரண்டிரண்டாகத் தெரியும். இதில் இரண்டு வகை. அச்சைத் தயாரிக்கும்போதே உருவம் இரண்டு முறை, சற்று விலகிப் பதிந்துவிட்டால், அந்த அச்சில் அடித்த காசெல்லாம் இரட்டையாக வரும். 1955-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் வந்த லிங்கன் சென்ட் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். ஆண்டும் எழுத்துகளும் இரட்டையாக இருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். மற்ற வகை, அடி விழுந்த கணத்தில் அச்சு லேசாக ஆடி, அப்போதுதான் உருவான எழுத்தின் தோளைத் தேய்த்துவிடுவது. இது ஏராளமாகக் கிடைக்கும், மதிப்பும் பெரிதாக இல்லை. வேறுபாடு எங்கே? முதல் வகையில் இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு, முழு எழுத்தாக, நடுவில் இடைவெளியோடு நிற்கும். இரண்டாவதில் எழுத்துக்குப் பக்கத்தில் தட்டையான ஒரு படிக்கட்டு மட்டும் இருக்கும். அந்தப் படி எழுத்தின் உடம்பிலிருந்தே வெட்டி எடுத்தது என்பதால் எழுத்து மெலிந்திருக்கும்.

பத்து ரூபாய்க் காசின் நடுவட்டம் ஒதுங்கியிருக்கும் படங்களும் நிறைய வருகின்றன. வெளி வளையமும் உள் வில்லையும் தனித்தனியாக வந்து, அச்சின் அடியில்தான் ஒன்றாக இறுகுகின்றன. ஆகவே வில்லை ஒதுங்கிய நிலையில் அடிபட்டிருந்தால், படம் அந்த எல்லைக்கோட்டைத் தாண்டி முறியாமல் தொடரும். வெளியே தட்டிக் கழற்றித் திரும்பப் பொருத்தியதென்றால், உள்ளே இருக்கும் கோடு ஒரு பக்கம் போகும், வெளியே இருக்கும் கோடு வேறு பக்கம் போகும்.

வெளியே வந்த பிறகு

காசின் வாழ்க்கையில் நாணயச்சாலை ஒரு நொடி. மீதிக் காலமெல்லாம் நம் கையில். உங்களுக்குக் கிடைக்கும் விசித்திரமான காசுகளில் பெரும்பாலானவை இந்த வகை என்று முன்கூட்டியே மனதைத் தேற்றிக்கொள்வது நல்லது.

தண்டவாளத்தில் பத்துப் பைசா வைத்து ரயில் போகும்வரை காத்திருந்த தலைமுறை எங்களுடையது. அலுமினியக் காசு அப்பளமாகிவிடும். அப்படி நசுங்கியதை, வளையம் இல்லாமல் அடிபட்டுப் பெரிதாகிப்போன பிழைக்காசு என்று நினைப்பவர்கள் உண்டு. பிழைக்காசில் நடுவில் உள்ள படம் அதே அளவில், கூர்மையாக இருக்கும். ஓரத்தில் மட்டும் உலோகம் பரவியிருக்கும். ரயில் ஏறியதில் படமே ரப்பர்போல இழுபட்டிருக்கும்.

ஓட்டை இருந்தால்? 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவைப் பாட்டிகள் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். போர்க்காலத்தில் வெண்கலத்தை மிச்சப்படுத்த அரசே ஓட்டையோடு அடித்த காசு அது. ஓட்டை சரியாக நடுவில். எழுத்தும் இலைமாலையும் ஓட்டைக்கு இடம் விட்டே வரையப்பட்டவை. அரைஞாண் கயிற்றில் கோக்க வீட்டில் போட்ட ஓட்டை அப்படி இருக்காது. காசு நேராகத் தொங்க வேண்டும் என்று ராஜா தலைக்கு மேலே, விளிம்பையொட்டிப் போட்டிருப்பார்கள். ஆணி நுழைந்த பக்கம் குழிந்தும் வெளியேறிய பக்கம் பிசிறோடும் இருக்கும். பழைய வெள்ளி ரூபாயில் பன்னிரண்டு மணி நிலையில் மட்டும் விளிம்புப் பற்கள் அழிந்து, மங்கலாக ஒரு தழும்பு இருந்தால், அங்கே வளையம் வைத்துப் பற்றவைத்து யாரோ கழுத்தில் அணிந்திருக்கிறார்கள். நகையாக இருந்து, பிறகு ஒரு நாள் திரும்பவும் காசாகியிருக்கிறது. இதே வெள்ளி ரூபாயில் சின்னஞ்சிறு முத்திரைக் குத்துகள் இருந்தால் அது சராப்புகளின் வேலை. வெள்ளி நல்லதா என்று சோதித்த வட்டிக்கடைக்காரர்களும் காசு மாற்றுபவர்களும் குத்தியவை.

நிறம் மாறுவதும் இப்படித்தான். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு. வெள்ளிக் காசுகளை அதில் கட்டி வைத்தால் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை விழும். மலிவான பிளாஸ்டிக் உறையில் வைத்தால் சில வருடங்களில் பச்சையாகப் பிசுபிசுக்கும். செம்பும் நிக்கலும் கலந்த பழைய ஒரு ரூபாய் மண்ணில் நெடுநாள் கிடந்தால் செந்நிறமாகிவிடும். ‘செம்பு ஒரு ரூபாய்’ என்று விலை சொல்பவர்களிடம் பெரும்பாலும் இருப்பது அதுவோ, பூச்சுப் போட்டதோதான். இங்கே காந்தமும் தராசும் உதவும். 1992 முதல் வந்த துருப்பிடிக்காத எஃகு ஒரு ரூபாயைக் காந்தம் இழுக்கும். அதற்கு முந்தைய செம்பு-நிக்கல் ரூபாயை இழுக்காது. 2011-இல் தொடங்கிய வரிசையில் ஒரு ரூபாய் 3.79 கிராம், ஐந்து ரூபாய் 6 கிராம். நகைத் தராசில் பெரிதாக வித்தியாசம் வந்தால் மட்டுமே வேறு உலோகம், வேறு வில்லை என்றெல்லாம் யோசிக்கலாம்.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி. பழைய செம்புக் காசில் அது பல வருடம் படிந்த மேல்தோலை உரித்து, பச்சைப்புண்போல இளஞ்சிவப்பாக்கிவிடும். அடையாளம் காண உதவும் தடயங்களும் அதோடு போய்விடும்.

பிழையே இல்லாதவை

சில குறிகள் வேண்டுமென்றே இட்டவை. ஆண்டுக்குக் கீழே ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம், ஒரு வைர வடிவம் இருந்தால் அது நாணயச்சாலையின் கையெழுத்து. மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்கு எதுவும் இல்லை. குறி இல்லாததே அதன் குறி. சில வருடங்களில் தேவை அதிகமாகி வெளிநாட்டிலும் அடித்து வரவழைத்தார்கள். 1985 ஒரு ரூபாயில் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பர்மிங்காமில் ஹீட்டன் நிறுவனம் அடித்தது. பழைய கனத்த ஐந்து ரூபாயின் விளிம்பு நடுவில் பள்ளமும் அதற்குள் வேலைப்பாடும் இருப்பது கள்ளக்காசு அடிப்பவர்களுக்கு வைத்த தடை, பிழையல்ல.

பத்து ரூபாய்க் காசைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் வாங்க மறுத்தார்களே, அந்தக் கூத்தின் வேரும் இதே குழப்பம்தான். ஒன்றில் 10 கதிர், இன்னொன்றில் 15 கதிர். ஒன்றில் ரூபாய்க் குறியீடு இருக்கிறது, மற்றதில் இல்லை. ஆகவே ஒன்று கள்ளக்காசு என்று புரளி கிளம்பியது. அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. அதற்குப் பிறகும் பேருந்தில் கண்டக்டரோடு வாதாடியவர்களில் நானும் ஒருவன்.

விலையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ‘இந்தக் காசு உங்களிடம் இருந்தால் பல லட்சம்’ என்று வரும் விளம்பரங்களை மூடிவிடுங்கள். பழைய காசு வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டிக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களைப் பற்றி 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்திருக்கிறது. என் ஐந்து ரூபாய் விரிசல் காசு, பொறுமையுள்ள ஒருவர் கிடைத்தால், ஒரு நல்ல சாப்பாட்டுக்கு ஆகும். எனக்கு அது போதும்.

புதுக்கோட்டையில் ஒரு வெட்டு

கடைசியாக ஒரு பழைய வழக்கு. 1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. அவற்றில் காலத்தால் கடைசியானவை வெஸ்பாசியன் பேரரசன் வெளியிட்டவை; அவன் ஆண்டது கி.பி. 69 முதல் 79 வரை. பெரும்பாலான காசுகளில் பேரரசனின் தலைமேல் ஆழமான ஒரு வெட்டு.

நம் கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். மேடா, பள்ளமா? பள்ளம். எப்போது? முகத்தின் புடைப்பையும் வெற்றிடத்தையும் சேர்த்து ஒரே கோடாக அறுத்திருப்பதால், அச்சடித்த பிறகு. அச்சில் வந்ததா? இல்லை. பல அரசர்கள் பல ஆண்டுகளில் அடித்த காசுகளில் ஒரே அச்சுக் குறை வர வழியில்லை. எதனால்? உளியால். இதுவரை லென்ஸ் சொல்லிவிடும்.

ஏன் என்பதில்தான் அறிஞர்கள் மோதிக்கொள்கிறார்கள். உள்ளே வேறு உலோகம் இருக்கிறதா என்று சோதித்தார்கள் என்பது ஒரு கருத்து. இனி இது காசாகச் செல்லாது, எடைக்குத் தங்கமாக மட்டும் செல்லும் என்று காட்டத்தான் வெட்டினார்கள் என்பது இன்னொன்று. தங்கத்தைச் சோதிப்பது மட்டுமே நோக்கம் என்றால் பூப் பக்கம் வெட்டினாலும் போதும், ஓரத்தில் ஒரு கொத்து கொத்தினாலும் போதும். வெட்டியவரோ காசைத் தலைப் பக்கம் திருப்பி வைத்து, முகத்தைப் பார்த்துத்தான் உளியை இறக்கியிருக்கிறார்.